டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள், லா லைப்ரரி உதவுமா?

கேள்வி: சான் ஹோசேயில் நான்கு வருடம் இருந்த அபார்ட்மென்டைக் காலி செய்தோம். 2,900 டாலர் டெபாசிட்டில் 2,150 டாலரை பெயிண்ட், கார்பெட், கிளீனிங் என்று பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள். வக்கீலிடம் போனால் அவருடைய ஃபீஸே அதற்கு மேல் போகும் போலிருக்கிறது. 'கவுண்டி லா லைப்ரரிக்குப் போ, காசு வாங்காமல் உதவுவார்கள்' என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். வக்கீல் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா? அங்கே இருக்கிற நூலகர் என்ன செய்வார்? கேஸ் போட்டால் ஜெயிப்பேனா என்று சொல்வாரா?

பதில்: விடுவார்கள். கட்டணம் கிடையாது. விசா என்ன, குடியுரிமை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் அங்கே பதில் கிடைக்காது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். நான் கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி சட்ட நூலகத்தில், கேள்வியோடு வருபவர்களுக்கு உதவும் ரெஃபரன்ஸ் மேசையில் வேலை பார்த்தவள். வக்கீல் அல்ல. ஆகவே உங்கள் டெபாசிட்டைப் பற்றி இங்கே சொல்வதும் அந்த மேசையில் உட்கார்ந்து சொல்லக்கூடிய அளவுதான்.

இப்படி ஓர் இடம் ஏன் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. கவுண்டிதோறும் ஒரு சட்ட நூலகம் என்ற ஏற்பாடு 1891-இல் வந்த சட்டத்தில் தொடங்கியது. நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மட்டுமல்ல, அந்தக் கவுண்டியில் வசிக்கும் எல்லாருக்கும் நூலகம் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று இன்றைய சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் ஊரான சான் ஹோசேயில் சாண்டா கிளாரா கவுண்டியின் நூலகம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் இருப்பது இந்த வகையில் மிகப் பெரியது. நாட்டில் அதைவிடப் பெரிய பொதுச் சட்ட நூலகம் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் சட்ட நூலகம் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கருப்புக் கோட்டுக்காரர்கள். சட்டப் புத்தகங்கள் தனி ஆள் வாங்கிக் கட்டுப்படியாகாத விலை. இப்போது அவர்கள் தங்கள் அலுவலகத்திலேயே கணினியில் பார்த்துவிடுகிறார்கள். மேசைக்கு வருவது வக்கீல் வைக்க முடியாத சாதாரண ஜனங்கள்: வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தவர், விவாகரத்து கேட்பவர், பேரப்பிள்ளைக்குக் கார்டியன் ஆக வேண்டிய பாட்டி, பழைய கிரெடிட் கார்டு கடனுக்கு வழக்கில் மாட்டிக்கொண்டவர்.

இவர்களுக்கு அரசு வக்கீல் தராதா என்றால், தராது. ஃப்ளோரிடா சிறையிலிருந்து கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில்தான் 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கடுமையான குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது குற்ற வழக்குக்கு மட்டும். சிவில் வழக்கில் அந்த உரிமை இல்லை. பெற்ற தாயின் உரிமையையே ரத்து செய்யும் வழக்கில்கூட, எல்லாருக்கும் கட்டாயமாக வக்கீல் தர வேண்டியதில்லை என்று 1981-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகை, கடன், விவாகரத்து எல்லாம் சிவில். அங்கே நீங்களேதான் வாதாட வேண்டும், எதிர்த் தரப்பில் பெரும்பாலும் வக்கீல் நிற்பார். சட்ட நூலகம் இந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு வினோதம். கலிஃபோர்னியாவில் இந்த நூலகங்களுக்கு முக்கிய வருமானம் சிவில் வழக்குத் தாக்கல் செய்யும்போது கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு. வழக்குகள் குறைந்தால் நூலகத்தின் வருமானமும் குறையும். ஏழைகளுக்குக் கட்டண விலக்கு உண்டு, அதனால் நூலகம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்து ஒரு சென்ட்கூட வராது. புத்தக விலையோ ஆண்டுக்காண்டு ஏறும். சில கவுண்டிகளில் நூலகம் ஒரு அறையும் ஒரு ஊழியருமாகச் சுருங்கிப்போனதற்கு இதுதான் காரணம். நூலகர் வேலை செய்யும் விதமும் அதனால் மாறிவிட்டது என்பது என் எண்ணம். புத்தகம் சேர்ப்பது பின்னால் போய், எதிரே நிற்பவரிடம் பேசுவதுதான் முழு வேலை என்றாகிவிட்டது.

அந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. மேசைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அவருக்கு வேண்டிய கேள்வியாக இருக்காது. 'கான்ட்ராக்ட் லா புத்தகம் எங்கே?' என்று ஒருவர் கேட்பார். அலமாரியைக் காட்டிவிட்டால் ஆயிரம் பக்கத்தில் மூழ்கிவிடுவார். 'காட்டுகிறேன், என்ன ஒப்பந்தம் என்று சொல்ல முடியுமா?' என்றால் கதை வரும். கூரை மாற்ற ஒருவரிடம் 8,000 டாலர் முன்பணம் கொடுத்தார், ஆள் இரண்டு நாள் வந்தார், அப்புறம் போனே எடுக்கவில்லை. இப்போது கேள்வி மாறிவிட்டது. அவருக்குப் பொதுவான ஒப்பந்தச் சட்டம் வேண்டாம், வீட்டு வேலை எடுக்கும் கான்ட்ராக்டர்களுக்கென்றே இருக்கிற பிரிவுகள் வேண்டும். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு முன்பணம் 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் வேலை எடுத்திருந்தால் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கவே சட்டம் இடம் தருகிறது. லைசென்ஸ் உண்டா என்று, அதைத் தரும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நூலகர் இவற்றில் எதையும் தன் கருத்தாகச் சொல்லவில்லை. அந்தப் பிரிவைத் திறந்து முன்னால் வைத்தார், வாரியத்தின் தேடல் பக்கத்தைக் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் 'கான்ட்ராக்ட் லா' அலமாரியில் உட்கார்ந்திருந்தால் அந்த மனிதர் அன்று மாலைவரை இதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் வந்து 'ஹவுஸ் ஓனர் ஏமாத்திட்டார்' என்றால் என்ன கேட்பார்கள் தெரியுமா? சாவியை என்று கொடுத்தீர்கள்? கணக்குச் சீட்டு என்று வந்தது? ரசீது சேர்த்து வந்ததா? நீங்கள் கடிதம் எழுதப் போகிறீர்களா, வழக்குப் போடப் போகிறீர்களா, இல்லை அவரே உங்கள்மேல் போட்டுவிட்டாரா? யார் பக்கம் நியாயம் என்று எடை போட இந்தக் கேள்விகள் கேட்பதில்லை. எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதை இந்தப் பதில்கள்தான் முடிவு செய்யும்.

பிறகு கலிஃபோர்னியா சிவில் கோடில் வாடகை டெபாசிட்டைப் பற்றிய 1950.5 என்ற பிரிவைத் திறப்பார்கள். அதில் இருப்பது இது. வீட்டைக் காலி செய்த 21 நாளுக்குள் கணக்குச் சீட்டும் மீதிப் பணமும் வர வேண்டும். பழுது, சுத்தம் என்று பிடித்தது 125 டாலரைத் தாண்டினால் ரசீது அல்லது பில் நகலும் வர வேண்டும். சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு பிடித்துக்கொண்டிருந்தால் டெபாசிட்டைப்போல் இரண்டு மடங்குவரை நீதிமன்றம் கூடுதலாக விதிக்கலாம். பிடித்த தொகை நியாயமானது என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. 2025 ஏப்ரல் 1 முதல், வாடகைதாரர் காலி செய்தபின் பழுது பார்ப்பதற்கு முன்பும் பின்பும் வீட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாமே என்பீர்கள். பிரிவைப் படிக்கலாம். ஆனால் சட்டப் பிரிவு என்பது நூற்பா மாதிரி, உரை இல்லாமல் முழுப் பொருள் பிடிபடாது. நூலகத்தில் குறிப்புரையோடு கூடிய சட்டத் தொகுப்பு இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே, அதை எந்தெந்த வழக்கில் நீதிமன்றம் எப்படிப் பொருள் கொண்டது என்று ஒன்றிரண்டு வரியில் கொடுத்திருப்பார்கள். 1950.5-க்குக் கீழே 1995-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன கிரான்பெர்ரி எதிர் ஐலே இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கு வரும். கெடுவுக்குள் கணக்கு அனுப்பத் தவறிய வீட்டுக்காரர், நல்லெண்ணத்தோடு நடந்திருந்தால், தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறார். ஆனால் உண்மையான சேதத்துக்கு நீதிமன்றத்தில் கழிவு கேட்கும் உரிமையை இழப்பதில்லை. அந்த வழக்குக்குப் பொருந்திய கெடு இரண்டு வாரம், இன்று 21 நாள். '21 நாள் தாண்டிவிட்டது, முழுப் பணமும் எனக்குத்தான்' என்று பிரிவை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் நீதிபதியின் முன் திணறிப்போகும் இடம் இது.

பெயிண்ட், கார்பெட் பற்றி அடுத்துக் கேட்பீர்கள். பிரிவில் அந்த வார்த்தைகளுக்குக் கணக்கு எதுவும் இல்லை. மாநில அரசு வெளியிட்ட வாடகைதாரர் கையேட்டில் இருக்கிறது. பத்து வருடம் உழைக்க வேண்டிய கார்பெட் எட்டாம் வருடத்தில் பாழானால், புதிது 1,000 டாலர் என்றாலும் மிச்சமிருந்த இரண்டு வருடத்துக்கான 200 டாலரைத்தான் பிடிக்கலாம் என்று அதில் ஓர் உதாரணம் உண்டு. பெயிண்டுக்கும் ஒரு படிநிலை உண்டு. குடியிருந்தது ஆறு மாதத்துக்குக் குறைவானால் முழுச் செலவு, இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆனால் எதுவும் பிடிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைக் காட்டும் நூலகர் கூடவே ஒன்று சொல்வார்: 'இது அரசுக் கையேடு, சட்டம் அல்ல. கணக்கிட ஒரு வழி என்றுதான் அதிலேயே எழுதியிருக்கிறது.' சட்டப் பிரிவு, மேல் நீதிமன்றத் தீர்ப்பு, கையேடு, வக்கீல்கள் எழுதும் நடைமுறை நூல், யாரோ ஒருவருடைய வலைப்பக்கம் ஆகிய ஐந்துக்கும் ஒரே கனம் இல்லை. எதற்கு எவ்வளவு என்று காட்டிக் கொடுப்பதுதான் இந்த வேலையில் பாதி என்பேன்.

இன்னொரு பாதி, எதிரே இருப்பது இன்றைக்கும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது. நம் ஊர் உதாரணமே சொல்கிறேன், ஏனென்றால் இங்குள்ள தமிழர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்: அப்பாவின் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டா? தமிழ்நாடு 1989-லேயே தன் திருத்தத்தால் திருமணமாகாத பெண்களுக்குக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டமே நாடு முழுவதற்கும் திருத்தப்பட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் சொன்னது. 2020 ஆகஸ்டில் வினீதா ஷர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அப்பா இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது. 2017-இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு 'எனக்குப் பங்கில்லை' என்று ஒதுங்கிக்கொண்டவர் ஒரு செத்துப்போன தீர்ப்பை நம்பியிருக்கிறார்.

அமெரிக்காவில் இதைச் சரிபார்க்க ஒரு பழைய கருவி உண்டு. ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் 1873-இல் சிகாகோவில் தொடங்கியது. எந்தத் தீர்ப்பைப் பின்னால் எந்தத் தீர்ப்பு ஏற்றது, எது தள்ளியது என்ற பட்டியலைப் பசை தடவிய தாளில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அதைக் கத்தரித்துத் தங்கள் புத்தக ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இப்போது அது கணினியில் சிவப்பு, மஞ்சள் அடையாளங்களாக வருகிறது, ஆனாலும் நூலகங்களில் 'ஷெப்பர்டைஸ் பண்ணியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். தனி ஆள் சந்தா கட்டினால் கையைக் கடிக்கும் அந்தத் தரவுத்தளங்களை நூலகக் கணினியில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். நான் கேட்டால் நூலகத்துக்குப் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பழையது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால் பதில் மனு போட ஐந்து வேலை நாள்தான் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் பத்து நீதிமன்ற வேலை நாள். இன்னும் எத்தனையோ இணையப் பக்கங்களில் ஐந்து என்றே கிடக்கிறது. இது மாறியதில் கெடுதல் இல்லை, நாள் கூடியிருக்கிறது. நாள் குறையும் மாற்றமாக இருந்தால் வீடே போய்விடும். அச்சுப் புத்தகங்களில் இதற்காகவே பின்னட்டைக்குள் செருகிய மெல்லிய இணைப்பு ஒன்று வரும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். புத்தகத்தை எடுத்ததும் பின்பக்கம் திருப்பி அதைப் பார்க்கிறவரைக் கண்டால், 'இவர் ஏற்கெனவே வந்து பழகியவர்' என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏஐ வந்தபின் இந்த வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதிக் கொடுத்த வக்கீல்களுக்கு 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்த வக்கீலுக்கே அந்தக் கதி. சாதாரண ஆள் ஒரு வழக்கின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் அழகாக எழுதிய தாளோடு மேசைக்கு வருவார். அந்தத் தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு ஏதோ வழக்கு இருக்கும். 'இந்தப் பெயரில் தீர்ப்பு இல்லை' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் நீதிபதி சொல்வதைவிட நாங்கள் சொல்வது மேல். பிரச்சினை எந்தத் தலைப்பில் வரும் என்று அறிய அந்தக் கருவிகளைக் கேளுங்கள், தப்பில்லை. தீர்ப்பு எண்ணை மட்டும் நூலகத்தில் காட்டிச் சரிபார்க்காமல் எங்கும் எழுதாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. ஜெயிப்பேனா என்று ஏன் சொல்ல மாட்டார்கள்? வக்கீல் உரிமம் இல்லாதவர் சட்ட ஆலோசனை தருவது கலிஃபோர்னியாவில் குற்றம். ஓராண்டுவரை சிறைகூட உண்டு. சில நூலகர்கள் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர்கள், ஆனாலும் அந்த மேசையில் இருக்கும்வரை அவர்களும் சொல்ல மாட்டார்கள். பதினோரு மணிக்கு நீங்கள் வந்து 1950.5 கேட்டால், மூன்று மணிக்கு உங்கள் வீட்டுக்காரரும் வந்து அதையே கேட்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே அளவு உதவி. ஒருவருக்கு 'உங்கள் கேஸ் பலமானது' என்று சொல்லிவிட்டால் மற்றவருக்கு அது பொது நூலகம் இல்லாமல் போய்விடும்.

கோடு எங்கே ஓடுகிறது என்பது கொஞ்சம் பழகினால் புரியும். 'காலி செய்யும் வழக்குக்குப் பதில் மனு எந்த ஃபாரம்?' என்றால் யூடி-105 என்று எடுத்துத் தருவார்கள். 'இதில் எந்தக் கட்டத்தில் டிக் போடணும்?' என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் விளக்கம் எழுதிய புத்தகத்தைத் திறந்து வைப்பார்கள், பேனாவைத் தொட மாட்டார்கள். 'வாடகை கொடுக்காததற்கு என்ன காரணம் எழுதலாம்?' என்றால் சட்டம் ஏற்கும் எதிர்வாதங்களின் பட்டியல் இருக்கும் அத்தியாயத்தைக் காட்டுவார்கள், உங்களுக்கு எது பொருந்தும் என்று சொல்ல மாட்டார்கள். முதல் நாள் இது எரிச்சலாக இருக்கும். 'தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறீங்களே' என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள், வழி திறக்கும். 'நான் ஜெயிப்பேனா' என்பதற்குப் பதில் 'டெபாசிட் வழக்கில் நீதிபதிகள் எதைப் பார்க்கிறார்கள் என்று எதில் படிக்கலாம்?' என்று கேளுங்கள். மூன்று புத்தகம் வரும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. நூலகரிடம் சொல்வது வக்கீலிடம் சொல்வது போல் அல்ல. நீங்கள் என்ன படித்தீர்கள் என்ற பதிவை நூலகங்கள் ரகசியமாகத்தான் வைத்துக்கொள்ளும், ஆனால் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள சட்டப் பாதுகாப்பு இந்தப் பேச்சுக்குக் கிடையாது. 'கார்பெட்டில் நான்தான் ஒயின் கொட்டினேன்' என்பது அந்த மேசையில் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. ஜெராக்ஸ் மெஷினில் ஒப்பந்தத்தை மறந்துவிட்டும் வராதீர்கள். வாரம் ஒருவராவது அப்படி விட்டுப் போவார்.

உங்கள் தொகைக்கு, சிறு தொகை வழக்குகளுக்கென்று இருக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றமே போதும். தனி நபர் அங்கே 12,500 டாலர்வரை கேட்கலாம். ஃபாரம் எஸ்சி-100. நீங்கள் கேட்கும் தொகைக்குக் கட்டணம் 50 டாலர், இரண்டு மடங்கும் சேர்த்துக் கேட்டால் 75. இரு தரப்பிலும் வக்கீல் நின்று வாதாட முடியாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் வழக்குப் போட்டவர் தோற்றால் மேல்முறையீடு கிடையாது, ஒரே வாய்ப்புதான். ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் இலவசமாக இருக்கிறார், நூலகரே அந்த எண்ணைத் தருவார். வழக்குக்கு முன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கு மாதிரிகள் இருக்கும் சுயஉதவிப் புத்தகங்கள் நூலகத்தில் உண்டு. பெரும்பாலும் பர்க்லியில் 1971-இல் தொடங்கிய நோலோ பதிப்பகத்தினுடையவை, எளிய ஆங்கிலத்தில் இருக்கும். பிரிவு எண்ணும் தேதிகளும் தெளிவாக எழுதிய கடிதம் போனதுமே சில வீட்டுக்காரர்கள் காசோலை அனுப்பிவிடுகிறார்கள்.

நூலகம் சரிப்படாத இடங்களும் உண்டு. கைது, குற்ற வழக்கு என்றால் நேராக வக்கீல், வசதியில்லை என்றால் அரசு தரும் வக்கீலான பப்ளிக் டிஃபெண்டர். குடிவரவு விஷயத்திலும் அப்படியே. எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு பற்றிய புத்தகங்கள் அலமாரியில் இருக்கும், விதியைப் படிக்கலாம், ஆனால் ஒரு படிவம் தப்பானால் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதை நீங்களே செய்து பார்க்கும் விஷயமாக நான் நினைக்கவில்லை. விவாகரத்து, குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றுக்கு நீதிமன்றத்திலேயே செல்ஃப் ஹெல்ப் சென்டர் இருக்கிறது, படிவம் நிரப்ப அங்கே உட்கார்ந்து உதவுவார்கள். நூலகத்தில் அந்த அளவு செய்ய மாட்டார்கள். முழு வழக்கையும் கொடுக்காமல், ஒரு மனுவை மட்டும் பார்த்துக் கொடுக்க ஒரு மணி நேரத்துக்கு வக்கீல் வைத்துக்கொள்வதும் இங்கே வழக்கம். புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிய பிறகு அந்த ஒரு மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் புத்திசாலிகள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்பார்கள். பல கவுண்டி நூலகங்களில் குறிப்பிட்ட நாளில் வக்கீல்களே வந்து இலவசமாகச் சில நிமிடம் பேசும் ஏற்பாடும் உண்டு.

கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. டெக்சஸில் ஆஸ்டினில் மாநிலச் சட்ட நூலகம் இருக்கிறது. மாநிலவாசி இலவசமாகப் பதிந்துகொண்டால் பல தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாசசூசெட்ஸில் நீதிமன்றத் துறையே நடத்தும் சட்ட நூலகங்கள் உள்ளன. அந்த நூலகர்கள் தலைப்புவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் பக்கங்களைவிட ஒழுங்கான ஒன்றை நான் வேறு மாநிலத்தில் பார்த்ததில்லை. வாஷிங்டனில் 1832-இல் தொடங்கிய காங்கிரஸ் சட்ட நூலகம் வெளிநாட்டுச் சட்டங்களுக்குப் பேர் போனது, இந்தியச் சட்டம் தொடர்பான கேள்வியை இணையம் வழியாகவே அனுப்பலாம். தமிழ்நாட்டில் இதற்கு நிகரானது எது என்று கேட்பவர்களுக்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தகுதியுள்ளவர்களுக்கு வக்கீலையே தருகிறது. அந்த வகையில் அது இங்குள்ளதைவிட ஒரு படி மேல். ஆனால் நீதிமன்ற வளாக நூலகங்கள் பெரும்பாலும் வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியவை.

போகும்போது வாடகை ஒப்பந்தம், கணக்குச் சீட்டு, அது வந்த உறை, படங்கள், நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம் இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும், 21 நாள் கணக்குக்கு அது வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் அந்த ஒரு பக்கத்தையே நீட்டுங்கள், போதும். சனிக்கிழமை பல இடங்களில் மூடியிருக்கும், மேசையில் ஆள் இருக்கும் நேரம் கட்டடம் திறந்திருக்கும் நேரத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். காலையில் போனால் நல்லது. மதியத்துக்கு மேல், அன்றே மனுப் போடக் கடைசி நாள் என்று ஓடி வருகிறவர்களின் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.